ரேடியேட்டர் சாமியிடம் நான் சொன்ன பொய்

ஐந்தாம் வகுப்பில் கணக்கு வாத்தியாரோடு தகராறு பண்ணிக்கொண்டு வெளியே வந்தவன் நான். அதற்கப்புறம் இந்தக் கையால் என்னென்ன உண்டாக்கினேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் யாரும் சொல்லாமல் விட்டுவிடக் கூடாது பாருங்கள். நத்தம் ரோட்டில் கள்ளிகூட முளைக்க யோசிக்கிற பாறையில் வீடு கட்டினேன். "இங்க கிணறு வராது" என்று மூன்று பேர் சொன்ன இடத்தில் கிணறு வெட்டினேன். தண்ணீர்தான் வரவில்லை, கிணறு வந்தது. சரியாக ஓட்டத் தெரியாமலே ஒரு லோடு வண்டி வாங்கி, வாங்கின அன்றைக்கே சிறுமலைக்கு ஏற்றினேன். பதினெட்டு கொண்டை ஊசி வளைவு. பதினெட்டிலும் எதிரே வந்தவர்கள்தான் ஒதுங்கினார்கள். அன்றிலிருந்து மலைமேல் வாழைத்தோட்டக்காரர்கள் என் வண்டியைத் தவிர வேறு வண்டியில் ஒரு தார்கூட ஏற்றியதில்லை. மேலே போகும்போது அரிசி, உரம், சிமெண்ட். கீழே வரும்போது மலைவாழை. இந்த ஒரு வண்டியில் ஒரு மகளைக் கட்டிக்கொடுத்தேன், மருமகனையும் டிரைவராக்கினேன்.

இதெல்லாவற்றுக்கும் மேலே ஒன்று உண்டு. அறுபத்தாறு வயசு வரைக்கும் நான் தப்புப் பண்ணினேன் என்று ஒருத்தரிடமும் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. கட்டின மனைவியே அதற்காக வருசக்கணக்கில் காத்துக்கொண்டிருந்தாள்.

அப்பேர்ப்பட்ட என்னை முக்காலியில் உட்கார வைத்து வாயைத் திறக்க வைத்த ஆள் இந்தத் திண்டுக்கல்லில் ஒரே ஒருத்தர்தான். அவரைப் போல இன்னொரு மெக்கானிக் உலகத்தில் எங்கேயும் கிடையாது. இருந்தால் உலகத்தில் பாதி வண்டிக்காரன் வெட்கத்தால் செத்திருப்பான்.

ரேடியேட்டர் சாமி என்றால் நத்தம் ரோட்டில் எல்லாருக்கும் தெரியும். சொந்தப் பேர் என்ன என்று அவருடைய ரேஷன் கார்டுக்குத்தான் தெரியும். எழுபது வயசு. காத்தாடி மாதிரி உடம்பு. மூக்குக் கண்ணாடியின் ஒரு கால் உடைந்து, கிளட்ச் வயரால் காதில் கட்டியிருப்பார். ஞாயிற்றுக்கிழமை முதல் பூசைக்குப் போய் முன் வரிசையில் நிற்பார். மற்ற நாளெல்லாம் தகரக் கொட்டகையில் கிரீஸ் டப்பாக்களுக்கு நடுவே நிற்பார்.

வண்டி வைத்திருக்கிறவனுக்கு வாழ்க்கையில் ஒருநாள் ஒரு கேள்வி வந்தே தீரும். என்ஜின் தேய்ந்து போச்சு. பழசையே பிரித்துக் கட்டுவதா, இல்லை கழற்றிப் போட்டுவிட்டுப் பெரிய என்ஜினாக மாற்றிவிடுவதா? மற்ற மெக்கானிக்குகள் என்ஜினைத் திறந்து, அளந்து பார்த்துப் பதில் சொல்வார்கள். சாமி என்ஜினைத் திறக்க மாட்டார். வண்டிக்காரனைத்தான் திறப்பார்.

மாதா கோயிலில் பாவசங்கீர்த்தனம் கேட்கிற இடத்தைப் பார்த்திருக்கிறீர்களா? நடுவில் ஒரு வலைத்தட்டி. இந்தப் பக்கம் பாவம் செய்தவர், அந்தப் பக்கம் குருவானவர். சாமி அதை அப்படியே கொட்டகைக்குக் கொண்டுவந்துவிட்டார். வந்த வண்டியின் ரேடியேட்டரைக் கழற்றி ஒரு இரும்பு ஸ்டாண்டில் நிறுத்துவார். அதற்கு இந்தப் பக்கம் ஒரு முக்காலி, அந்தப் பக்கம் ஒரு முக்காலி. வண்டிக்காரன் உட்கார்ந்து, அந்த என்ஜினுக்குத் தான் பண்ணின கொடுமையெல்லாம் ஒன்றுவிடாமல் சொல்ல வேண்டும். சொல்லி முடிக்கிறவரைக்கும் ஸ்பேனரைத் தொட மாட்டார். கேட்டுவிட்டு எழுந்து, சாக்பீஸால் என்ஜின் மேலே ஒரு குறி போடுவார். வட்டம் போட்டால் பிழைக்கும், பிரித்துக் கட்டலாம். சிலுவை போட்டால் முடிந்தது, மாற்றிவிட வேண்டும்.

"ஏன் சாமி, தொறந்து பாத்தா தெரிஞ்சிட்டுப் போகுது" என்று ஒருதடவை கேட்டேன்.

"தொறந்தா என்ன ஆச்சுன்னு தெரியும் மொதலாளி. எதனால ஆச்சுன்னு இந்த முக்காலிதான சொல்லும். எதனாலன்னு தெரியாம கட்டிக் குடுத்தா, மூணாம் மாசம் அதே நாசத்த அதே ஆளு திரும்பப் பண்ணுவான்."

வத்தலக்குண்டிலிருந்து ஒருத்தர் கல்யாணத்துக்கு வாடகை விடுகிற காரைக் கொண்டுவந்தார். முக்காலியில் உட்கார்ந்ததும் மனுசனுக்கு என்ன ஆனதோ, கண்ணில் தண்ணீர். "சாமி, நிலக்கோட்டைல எனக்கு இன்னொரு வீடு இருக்கு" என்று ஆரம்பித்துவிட்டார். ரேடியேட்டருக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு கத்து: "யோவ்! என்ஜின் சம்பந்தப்பட்டத மட்டும் சொல்லும்!" அவர் மூக்கைச் சிந்திக்கொண்டு சொன்னார்: "சம்பந்தம் இருக்கு சாமி. ரெண்டு வீட்டுக்கும் தெரியாம இருக்கணும்னு ஹெட்லைட்டப் போடாம, ரெண்டாவது கியர்லயே உருட்டிட்டுப் போவேன்." சாமி எழுந்து வட்டம் போட்டார்.

இந்த முக்காலிச் சேதி மாதா கோயில் பங்குச்சாமியார் காதுக்கும் போய்விட்டது. கோயில் காரியத்தைக் கொட்டகையில் வைத்துக் கேலி பண்ணுகிறானா என்று கோபமாக ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். சாமி கையைத் துடைத்துக்கொண்டு தோத்திரம் சொல்லிக் கும்பிட்டார். அப்புறம் ஸ்கூட்டரின் ஆயில் குச்சியை உருவி மோந்து பார்த்தார். முக்காலியைக் காட்டினார். கால் மணி நேரம் கழித்துப் பங்குச்சாமியார் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு எழுந்து வந்ததை என் கண்ணால் பார்த்தேன். ஆயில் மாற்றி எட்டு மாசமாம். அதற்குப் பிறகு கேலி, கண்டனம் எதுவும் கிடையாது.

பாவம் சொன்னால் போதுமா, பரிகாரம் வேண்டாமா? அதையும் கொடுப்பார். குஜிலியம்பாறைக் கோழிவண்டிக்காரர் ஒருத்தர் வருசக்கணக்கில் ஆயிலே மாற்றாதவர். அவருக்கு விதித்த தண்டனை: முதல் நாள் போட்ட டீத்தூளிலேயே ஏழு நாளும் டீ. வேறு எங்கேயும் டீ குடிக்கக் கூடாது, தினமும் கொட்டகைக்கு வந்து சாமி கண்ணெதிரே குடிக்க வேண்டும். ஐந்தாம் நாள் அந்தத் தண்ணியைப் பார்த்த ஆள், "சாமி, எங் கோழி மேல சத்தியமா இனிமே மாசம் பொறந்தா மாத்திருவேன்" என்று காலில் விழுந்தார்.

இப்படி மற்றவர்கள் மாட்டிக்கொண்டு முழிப்பதைப் பார்க்க எனக்கு ரொம்பப் பிடிக்கும். வேலை இல்லாத நாளில் போய் ஓரமாக உட்கார்ந்து ரசிப்பேன். என் வண்டியும் ஒருநாள் அங்கே போய் நிற்கும் என்று நினைக்கவில்லை.

தைப்பூசத்துக்கு ஒரு மாசம் இருக்கும்போது வண்டி படுத்தது. ஏற்றத்தில் இழுக்கவில்லை. சைலன்சரில் நீலமாகப் புகை. முன்பெல்லாம் ஒரே மூச்சில் ஏறின வண்டி நாலாவது வளைவில் முனகி, ஏழாவதில் இருமி, ஒன்பதாவதில் நின்றேவிட்டது. பின்னால் வந்த சிறுமலை பஸ்ஸிலிருந்து அம்புட்டுப் பேரும் எட்டிப் பார்த்தார்கள். நான் வேடிக்கை பார்க்க நிறுத்தின மாதிரி பள்ளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மலைமேல் தோட்டக்காரர்கள் சார்பாகப் பேசுகிறவர் வெள்ளைச்சாமி. நயமாகத்தான் சொன்னார். "அண்ணே, தைப்பூசத்துக்கு பழனிக்குப் பழம் போகணும். பஞ்சாமிர்தத்துக்குன்னு கேக்குறாக. தார் வெட்டுனா காத்திருக்காது. வர்ற பதினஞ்சு நாளைக்குள்ள வண்டி மேல வந்துட்டா நீங்க. இல்லாட்டி நாங்க வேற வண்டி பாக்க வேண்டியதுதான். வருத்தப்படக் கூடாது." வேற வண்டி ஒரு தடவை ஏறிவிட்டால் அப்புறம் அதுதான் ஏறும். இத்தனை வருசம் நான் கட்டி வைத்த வழி என் கையை விட்டுப் போய்விடும்.

இதை மோப்பம் பிடித்த மாதிரி ஒட்டன்சத்திரத்திலிருந்து ஒருத்தர் வந்தார். அடிபட்ட வண்டிகளின் என்ஜினைக் கழற்றி விற்கிறவர். வெள்ளைச் சட்டை, பேச்சில் வெல்லம்.

"ஏனுங்க பெரியவரே, இந்தப் பழசக் கட்டீட்டு ஏனுங்க அழுவறீங்க? எங்கிட்ட டர்போ என்ஜின் ஒண்ணு இருக்குதுங்க. உங்க மலை என்னுங்க, கைலாசத்துக்கே ஏறுமுங்க. ரெண்டு நாள்ல மாட்டிக் குடுத்தர்றனுங்க. ரேடியேட்டர்கூட உங்க பழசே போதுமுங்க."

டர்போ என்ற வார்த்தை எனக்குப் பிடித்திருந்தது. எதிரே வருகிறவன் ஒதுங்க அது ஒன்று போதும் என்று தோன்றியது. ஆனாலும் ஊரிலே என்ஜின் விஷயத்தில் சாமி குறி போடாமல் யாரும் கை வைக்க மாட்டார்கள். நான் வைத்தால், இவன் ஏன் முக்காலிக்குப் பயப்படுகிறான் என்று பேச்சு வரும்.

பயம் இருந்தது உண்மை. காரணத்தைச் சொல்கிறேன். ஏழு மாசத்துக்கு முன்னால் என் ரேடியேட்டரில் ஒரு சின்ன ஒழுக்கு. பற்றவைக்கக் கொடுத்தால் ஒருநாள் வண்டி நிற்கும். பழைய டிரைவர்களுக்கு ஒரு கைவைத்தியம் தெரியும்: அவசரத்துக்கு ஒரு சிட்டிகை மஞ்சள் பொடியைத் தண்ணீரில் கலந்து ஊற்றினால் ஓட்டை அடைத்துக்கொள்ளும், பட்டறை போய்ச் சேருகிற வரைக்கும் தாங்கும். ஊற்றினேன், அடைத்துக்கொண்டது. ஒரு சிட்டிகைக்கே இப்படி என்றால் தினம் ஒரு பிடி போட்டால் ஆயுசுக்கும் ஒழுகாதே என்று என் மூளை வேலை செய்தது. மற்றவனுக்கெல்லாம் இந்த யோசனை வராது. ஏழு மாசம் போட்டேன். வண்டி ஏற்றத்தில் கொதிக்க ஆரம்பித்தது. கொதித்தால் நிறுத்தி, தண்ணீர் ஊற்றி, கூடவே இன்னொரு பிடி.

வீட்டில் மஞ்சள் பொடி டப்பா மாயமாகக் காலியாவதை என் மனைவி ராசாத்தி கவனித்துக்கொண்டே வந்திருக்கிறாள். அவள் எண்ணம் வேறு திசையில் போனதை அப்புறம் சொல்கிறேன்.

சாமியிடம் போவதற்கு முந்தின நாள் ரேடியேட்டர் தண்ணீரைத் திறந்துவிட்டு, சுத்தமான தண்ணீர் ஊற்றி இரண்டு தடவை அலசினேன். விவரமானவன் அல்லவா? வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு கம்பீரமாகப் போனேன்.

"வாங்க மொதலாளி. இத்தன நாளா ஓசில படம் பாத்தீக. இன்னைக்கு உங்க படம்." ரேடியேட்டரைக் கழற்றி ஸ்டாண்டில் நிறுத்தினார். முக்காலி போட்டார். தகரத்துக்கு மேலே இருந்த காக்காகூட அன்றைக்கு உட்கார்ந்து கேட்டது.

"ஆயிலு?"

"சொன்ன தேதிக்கு மாத்திருவேன்."

"பாரம்?"

"அளவாத்தான் ஏத்துவேன்."

"அளவுன்னா?"

"வண்டி தாங்குற அளவு."

"வண்டி சொல்லுச்சாக்கும்? சரி, எத்தன தடவ கொதிச்சுச்சு?"

"ஒரு தடவகூட இல்ல சாமி. பச்சத் தண்ணி மாதிரி இருக்கும்."

ரேடியேட்டர் தகடுகளின் சந்தில் கண்ணாடி மட்டும் மின்னியது.

"ரேடியேட்டர்ல தண்ணியத் தவிர வேற எதாச்சும் ஊத்துனதுண்டா?"

"வேற என்னத்த சாமி ஊத்தப் போறேன், பாயாசமா?"

சொல்லி வாயை மூடவில்லை. ரேடியேட்டரின் அடிக்குழாயிலிருந்து ஒரு சொட்டு. கெட்டியாக, மெதுவாக, யோசித்து யோசித்து வந்து என் வெள்ளை வேட்டியில் தொடைக்கு மேலே விழுந்தது. மஞ்சள். அசல் விரலி மஞ்சள். துண்டை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு சிரித்தேன். எனக்கு இந்த வயசில் அப்படிச் சிரிக்க வரும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

சாமி எழுந்தார். என்ஜினைச் சுற்றி ஒரு தரம் வந்தார். சாக்பீஸை எடுத்துப் பெரிசாக ஒரு சிலுவை போட்டார்.

"சாமி!"

"நீங்க சொன்னத வச்சுத்தான மொதலாளி சொல்ல முடியும்? ஆயிலு குறையில்ல, பாரம் குறையில்ல, சூடும் ஏறல. அப்பறமும் இப்படிப் பொகையுதுன்னா என்ஜின் தானா வயசாகிச் சாகுது. கட்டி பிரயோசனம் இல்ல. ஒட்டன்சத்திரத்துக்காரருகிட்டச் சொல்லி மாத்திருங்க."

மறுநாளே என்ஜினைக் கொட்டகைக்குக் கொண்டுவரச் சொல்லி ஒட்டன்சத்திரத்துக்காரருக்குச் சேதி அனுப்பிவிட்டு வீட்டுக்கு வந்தால், ராசாத்தி வாசலிலேயே நின்றாள். அவள் கண் நேராக வேட்டிக்குப் போனது.

"என்னங்க அது மஞ்சக்கற?"

"ஒண்ணுமில்ல."

"ஏழு மாசமா என் வீட்டு மஞ்சப்பொடி கிலோ கிலோவாப் போகுது. இன்னைக்கு வேட்டில வந்து நிக்குது. யாரு அவ? எந்த ஊரு? அவ வீட்ல அரைக்கக்கூட வக்கில்லையா?"

அறுபத்தாறு வயசில் என்மேல் இப்படி ஒரு சந்தேகம். ரேடியேட்டரில் போட்டேன் என்று சொன்னால் முட்டாள். சொல்லாவிட்டால் மன்மதன். இரண்டில் எது கௌரவம் என்று நான் நின்று யோசித்தது உண்மை. கடைசியில் தொண்டையைக் கனைத்துவிட்டு உள்ளே போய்விட்டேன். அன்றைக்கு ராத்திரி எனக்கு மட்டும் தொட்டுக்கொள்ள வெஞ்சனம் இல்லை, வெறும் ரசம். அதில் மஞ்சளும் இல்லை.

மறுநாள் காலையில் வாசலில் ஒரு சத்தம். மருமகன் பாண்டி வண்டியின் கேபினைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தான். சாமியின் கொட்டகையிலிருந்து ஆள் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டான், புது என்ஜின் வருகிறதென்று அவ்வளவு சந்தோசம். "மாமா, டர்போ வரட்டும், முழுப் பாரத்தோட கடகடன்னு எறங்கிருவேன் பாருங்க" என்றான்.

எறங்கிருவேன் என்ற வார்த்தைதான் எனக்கு உறைத்தது. ரேடியேட்டர் பழசே போதும் என்றுதானே ஒட்டன்சத்திரத்துக்காரர் சொன்னார்? என் மஞ்சள் அதற்குள்ளேதானே இருக்கிறது? புது என்ஜினும் அதே ஒன்பதாவது வளைவில் கொதிக்கும். ஏற்றத்தில் நின்றால் மானம்தான் போகும். முழுப் பாரத்தோடு இறக்கத்தில் என்ஜின் நின்றால், அதோடு சேர்ந்து பிரேக்கும் செத்துவிடும். ஓட்டுகிறது இவன். என் பேத்திக்கு அப்பன்.

சட்டையைப் போட்டுக்கொண்டு நடந்தேன். "வண்டிய மறுபடி கொட்டகைக்குக் கொண்டாடா" என்று மட்டும் சொன்னேன்.

ஒட்டன்சத்திரத்துக்காரரும் சொன்னபடி டர்போவை ஒரு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு கொட்டகைக்கே வந்துவிட்டார். பாண்டி வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தியதுமே, சிலுவை போட்ட என்ஜினைத் தூக்கச் சங்கிலி மாட்டிவிட்டார்.

"இருங்க, தூக்காதீக!"

"ஏனுங்க, சங்கிலி மாட்டியாச்சுங்களே?"

"சாமி, நான் திரும்ப முக்காலில உக்காரணும்."

சாமி அப்போதுதான் தூக்குவாளியைத் திறந்து இட்லியில் கை வைத்திருந்தார். "செத்த நேரம் பொறுங்க மொதலாளி, சாப்டுட்டு வாரேன்" என்றார். அன்றைக்கு அவர் நாலு இட்லி தின்ற வேகத்தில் நான் இன்னொரு கிணறு வெட்டியிருப்பேன். கை கழுவி, வாய் கொப்புளித்து, கண்ணாடியைத் துடைத்து, கிளட்ச் வயரைக் காதில் மாட்டி, அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தார்.

"ம்."

"சாமி... மஞ்சப்பொடி."

"கேக்கல. காது மந்தம். சத்தமா."

"மஞ்சப்பொடி போட்டேன் சாமி! ரேடியேட்டர்ல!"

சங்கிலியைப் பிடித்திருந்த ஒட்டன்சத்திரத்துக்காரர் அப்படியே நின்றார். ரோட்டில் போன ஒரு சைக்கிள்காரரும் ஒரு காலை ஊன்றி நின்றார்.

"எம்புட்டு?"

"ஏழு கிலோ இருக்கும்."

அந்தப் பக்கமிருந்து மெதுவாக ஒரு குரல்: "மொதலாளி, உங்க வீட்ல கொழம்பு என்ன கலர்ல வருது?"

"வெள்ளையா."

"கொதிச்சது எத்தன தடவ?"

"தெனமும்."

"தெனமுமா?"

"ஞாயித்துக்கெழம கொதிக்காது. அன்னைக்கு வண்டி லீவு."

சாமி எழுந்து அந்த ரேடியேட்டரைச் சாய்த்து அடிக்குழாயில் ஒரு கம்பியை விட்டுக் குத்தினார். முதலில் ஒன்றும் வரவில்லை. அப்புறம் வந்தது. கேசரி மாதிரி, கட்டி கட்டியாக, அள்ளினால் ஒரு பந்திக்குப் போதும். வழக்கத்துக்கு மாறாக, குறி போடுவதற்கு முன்னாலேயே என்ஜினையும் பிரித்தார்; உள்ளே தண்ணீர் ஓடுகிற சந்தெல்லாம் அதே கேசரி. சூட்டில் பிஸ்டன் ரிங்குகள் விறைப்பு செத்து வளையல் மாதிரி தொளதொளவென்று கிடந்தன. பிளாக் என்கிற இரும்பு உடம்பின் உள்பக்கத்தை டீசலால் கழுவி, வெயிலில் வைத்து, பூதக்கண்ணாடியால் விரல் விரலாகப் பார்த்தார். அதில் ஒரு விரிசல்கூட இல்லை.

"கெழவி கெட்டிக்காரி" என்றார். என்ஜினைச் சொன்னார். ஈரத்துணியால் சிலுவையை அழித்தார். அந்த இடத்திலேயே ஒரு வட்டம் போட்டார். என் கண்ணில் டீசல் தெறித்துவிட்டது, அதனால் தண்ணீர் வந்தது.

இந்த இடத்தில் யாரும் எதிர்பாராத ஒன்று நடந்தது. ஒட்டன்சத்திரத்துக்காரர் சங்கிலியை விட்டுவிட்டு வந்து முக்காலிக்குப் பக்கத்தில் நின்றார்.

"ஏனுங்க சாமி, நானும் கொஞ்சம் உக்காரலாமுங்களா?"

"ஒக்காரும்."

"அந்த டர்போவப் பத்தி ஒண்ணு சொல்லோணுமுங்க. அது ரெண்டு நாள் கொளத்துக்குள்ள கெடந்துச்சுங்க."

அவருக்கு என்ன பரிகாரம் கொடுத்தார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் கொஞ்ச நாள் கழித்துப் பார்த்தபோது அவர் ஒவ்வொரு என்ஜின் மேலும் அதன் சரித்திரத்தைக் காகிதத்தில் எழுதி ஒட்டியிருந்தார். வியாபாரம் முன்னைவிட நன்றாக நடக்கிறதாம்.

என் என்ஜினுக்குப் புது ஸ்லீவ், புது பிஸ்டன், புது ரிங். ரேடியேட்டரும் புதுசு. பத்தாம் நாள் வண்டி பதினெட்டு வளைவும் மூச்சு விடாமல் ஏறியது. தைப்பூசத்துப் பழம் என் வண்டியில்தான் இறங்கியது. வெள்ளைச்சாமி மேலே நின்று கையைத் தட்டினார்.

ராசாத்தியிடமும் சொல்லிவிட்டேன். அவள் மஞ்சள் டப்பாவை எடுத்து எனக்கு எட்டாத இடத்தில் வைத்துவிட்டு, "இதுக்கு நான் நெனச்சதே தேவல போலருக்கு" என்றாள்.

மிச்சம் என் பரிகாரம். சாமி விதித்தது இது: ஒரு குடம் தண்ணீரைத் தோளில் வைத்துக்கொண்டு பதினெட்டு வளைவும் நடந்து ஏற வேண்டும். அதிலிருந்து ஒரு வாய்கூடக் குடிக்கக் கூடாது. "தண்ணி பக்கத்துலயே இருந்தும் உள்ள போகலன்னா எப்படி இருக்கும்னு அந்த என்ஜினுக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியணும்."

காலையில் ஏற ஆரம்பித்தேன். ஐந்தாவது வளைவுவரைக்கும் பெருமையாக இருந்தது. எட்டாவதில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது. பத்தாவதில் குரங்குகள் என்னைப் பார்த்து ஏதோ பேசிக்கொண்டன. பதின்மூன்றாவதில் சிறுமலை பஸ் என்னைத் தாண்டிப் போய் நின்றது. ஒரு ஒல்லி உருவம் இறங்கியது. கையில் தண்ணீர் பாட்டில், காதில் கிளட்ச் வயர்.

"குடிங்க மொதலாளி."

"குடிக்கக் கூடாதுன்னீக?"

"குடத்துல இருக்கறதத்தான் சொன்னேன். இது பாட்டிலு."

குடித்தேன். மிச்ச வளைவுகளைக் கூடவே நடந்தார். நடக்கும்போது சொன்னார்: "உங்க வேட்டில அந்தக் கறையப் பாத்தப்பவே எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் சிலுவ போட்டீரு?"

"நானா கண்டுபிடிச்சிருந்தா, புது ரேடியேட்டர்லயும் போட்டிருப்பீக."

இதை நான் ஒப்புக்கொள்ளவில்லை, இன்றைக்கும் ஒப்புக்கொள்ள மாட்டேன். அவருக்குத் தெரிந்திருக்கவே முடியாது. துண்டு போட்டு மூடியிருந்தேன். நான் சொன்னதால்தான் தெரியும்.

பதினெட்டாவது வளைவில் குடத்தை இறக்கி, இரண்டு கிழவர்களும் ஓரச்சுவரில் உட்கார்ந்தோம். கீழே திண்டுக்கல் வெயிலில் வெந்துகொண்டிருந்தது. சாமி கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, "மொதலாளி, எங்கிட்டயும் ஒண்ணு இருக்கு" என்றார்.

"சொல்லும்."

"நடுவுல ஒண்ணும் இல்லாமச் சொல்ல வராது. அந்தத் துண்டச் செத்த நேரம் பிடிங்க."

இரண்டு கையாலும் துண்டைத் தூக்கிப் பிடித்தேன். அவர் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். இறங்கிப் போன பஸ்ஸில் அம்புட்டுப் பேரும் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் சொன்னார், நான் கேட்டேன்.

என்ன சொன்னார் என்று எழுத மாட்டேன். ஊருக்கெல்லாம் என்ஜின் கட்டுகிற மனுசன் ஏன் இத்தனை வருசமாக ஒரு மொபெட்கூட வைத்துக்கொள்ளாமல் பஸ்ஸிலும் சைக்கிளிலும் போகிறார் என்று இப்போது எனக்குத் தெரியும். அவ்வளவுதான். கேட்டு முடித்ததும் நானும் பரிகாரம் விதித்தேன். சனிக்கிழமை தோறும் என் வண்டியில் முன் சீட்டில் உட்கார்ந்து மலைக்கு வர வேண்டும். வருகிறார். வளைவுக்கு வளைவு என்ஜின் சத்தத்தைக் கேட்டுத் தலையை ஆட்டுகிறார். வராத சனிக்கிழமை பாண்டியிடம் வண்டி சரியில்லை என்று சொல்லி நானே போகாமல் விட்டுவிடுகிறேன்.

அந்த வண்டி ஏறும்போதெல்லாம், "ரேடியேட்டர் சாமி கட்டுன என்ஜின்" என்று ஊரே சொல்கிறது. சொல்லட்டும், கட்டினது அவர்தான். ஆனால் உண்மையைச் சொன்னது யார்? துண்டைப் பிடித்தது யார்? அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், விட்டுவிடக் கூடாது. ஊரில் எல்லாரும் போய் மனசைக் கொட்ட அவர் இருக்கிறார். அவருக்கு யார் இருக்கிறார்கள் என்று எவராவது கேட்டால், நத்தம் ரோட்டில் தண்ணீர் வராத கிணறு இருக்கிற வீடு என்று வழி சொல்லுங்கள்.